திறக்காத பாட்டிலுக்கு என்ன விலை?

மறைந்த பெரியவர் ஒருவரின் வீட்டை ஒழிக்கும்போது மாடிப்படிக்குக் கீழேயோ அலமாரியின் பின்வரிசையிலோ தூசி படிந்த ஒயின் பாட்டில்கள் அகப்பட்டால், வாரிசுகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நாற்பது வருஷத்துச் சரக்கு, லட்சக்கணக்கில் போகும் என்பது ஒரு கட்சி. கெட்டுப்போயிருக்கும், கழுவுதொட்டியில் கொட்டு என்பது மறு கட்சி. முதல் கட்சி பெரும்பாலும் தோற்கும். இரண்டாவது கட்சி தோற்பது அபூர்வம், ஆனால் தோற்றால் நஷ்டம் பெரிது. இரு கட்சியும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன: விலை என்பது பாட்டிலுக்குள் இருக்கிறது, அதை வயது கூட்டவோ கெடுக்கவோ செய்கிறது என்று நினைக்கின்றன. பழைய ஒயினுக்கு விலை வைப்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, உள்ளே இருப்பதைப் பற்றி வெளியிலிருந்து எவ்வளவு நிரூபிக்க முடிகிறது என்பதுதான். தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்க்கலாம், காதருகே ஆட்டிப் பார்க்கலாம். ஒயினில் தக்கையைப் பிடுங்கினால்தான் உண்மை தெரியும். பிடுங்கிய பிறகு விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே வாங்குகிறவர் காசு கொடுப்பது சான்றுகளுக்கு. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனையும் இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறப்பதுதான்.

பழசாக ஆக ஒயின் மேலாகும் என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும் பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துத் தீர்ப்பதற்கென்றே செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியாகும் பிரான்சின் போஜொலே நூவோவுக்குச் சில மாதங்கள்தான் ஆயுள். காலத்தைத் தாங்க ஒயினுக்குச் சில துணைகள் வேண்டும்: திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டேனின் என்ற துவர்ப்பு, நல்ல புளிப்பு, சிலவற்றில் மிகுந்த இனிப்பு, சிலவற்றில் சேர்க்கப்பட்ட சாராயம். தக்கை வழியே ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக நுழையும் ஆக்சிஜனோடு இவை போராடுகின்றன. அந்தப் போராட்டத்தில் டேனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மண்டியாக அடியில் படியும், துவர்ப்பு தணியும், புதிய மணங்கள் எழும். துணைகள் இல்லாத ஒயினில் நடப்பது போராட்டமே அல்ல, சரணாகதி. 1970களில் விருந்தினர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவந்த பாட்டில்கள், அதாவது தட்டைக் குப்பியில் வரும் மத்தேயுஸ் ரோஸே, வைக்கோல் பின்னிய வயிறுள்ள இத்தாலியக் கியாந்தி, ஜெர்மனியின் இனிப்பான லீப்ஃப்ராவ்மில்ஷ் போன்றவை இந்த இரண்டாம் வகை. பெரியவர் அவற்றைக் குடிக்காமல் விட்டதற்குப் பல காரணம் இருந்திருக்கலாம். முதலீடு என்பது அவற்றில் ஒன்றாக இருந்திருக்காது.

ஆக முதல் கேள்வி, இது காலத்தைத் தாங்கும் வகையா, அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்களா என்பது. பதில் லேபிளில் இருக்கிறது. பிரான்சின் போர்தோ பகுதியில் 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரப்பட்டியல் ஒன்று போட்டார்கள். அதன் முதல் வரிசைச் சிவப்பு ஒயின்கள் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் அந்த வரிசைக்கு உயர்த்தப்பட்டது. இனிப்பு வெள்ளை ஒயினில் டிக்கெம் தனி உச்சம். பர்கண்டியில் ரோமானே-கொந்தி தோட்டத்தின் பெயர் கண்ணில் பட்டால் உடனே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் பரோலோ, ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், போர்ச்சுகலின் போர்ட், தான் பிறந்த தீவின் பெயரையே தாங்கிய மதீரா ஆகியவையும் விசாரிக்கத் தகுந்தவை. 'ரிசர்வ்', 'கிராண்ட்' போன்ற அலங்காரச் சொற்களை நம்ப வேண்டாம். ஸ்பெயின் போன்ற சில நாடுகளில் 'ரிசர்வா'வுக்குச் சட்டப்படி பொருள் உண்டு. பல நாடுகளில் அது வெறும் அச்சு மை.

பெயருக்கு அடுத்தது அறுவடை ஆண்டு. இங்கேதான் வயதை நம்பும் வாதம் முற்றிலும் உடைகிறது. போர்தோவில் 1961 மகத்தான ஆண்டு. அதற்கு இரண்டே ஆண்டு இளைய 1963 மழையும் அழுகலுமாகப் போன மோசமான ஆண்டு. அதே 1963 போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட்டுக்கு அந்த நூற்றாண்டின் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. போர்தோவில் 1945, 1982, 1990 ஆகியவை தேடப்படுபவை. 1968-ஐப் பெரும்பாலோர் தேடுவதில்லை. 1968-ஐ வைத்திருக்கும் ஒருவர் 1982-ஐ வைத்திருப்பவரைவிடப் பதினான்கு ஆண்டு 'பழைய' ஒயினை வைத்திருக்கிறார், ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுக்கு யாரும் காசு தருவதில்லை. போர்ட்டில் இன்னொரு கவனம் வேண்டும். மரப்பீப்பாயிலேயே முதிர்த்து, குடிக்கத் தயாராக விற்கப்படும் ரூபி, டானி வகைகள் பாட்டிலில் வளர்வதில்லை. சிறந்த ஆண்டுகளில் மட்டும் அறிவித்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டிலில் அடைத்து, பல பத்தாண்டு முதிரவிடும் 'வின்டேஜ் போர்ட்' வேறு. பழைய வின்டேஜ் போர்ட் பல வேளை லேபிளே இல்லாமல் வரும்: கறுத்த பாட்டில், கழுத்தில் மெழுகு முத்திரை, எந்தப் பக்கம் மேலே வைக்க வேண்டும் என்று காட்டும் வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்றல், அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் தக்கையில் சுட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். லேபிள் இல்லை என்று வாரிசுகள் முதலில் குப்பைக்கு அனுப்புவது இவற்றைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மோசமான ஆண்டு என்றால் விலை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் 1973-ஆம் ஆண்டு மூத்தோனுக்கு ஏன் இன்றும் ஆள் இருக்கிறது? அந்த ஆண்டு போர்தோவில் சுமார்தான். ஆனால் மூத்தோன் 1945 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டு லேபிளையும் ஓர் ஓவியரைக் கொண்டு அலங்கரிக்கிறது; 1973-க்கு வாய்த்தவர் பிக்காசோ. தோட்டம் முதல் வரிசைக்கு உயர்ந்ததும் அதே ஆண்டு. லேபிள் வரிசையை முழுமையாகச் சேர்ப்பவர்களுக்கு அந்த ஆண்டு இல்லாமல் முடியாது. இந்த மறுப்பு நம் வாதத்தை அசைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. அந்த பாட்டிலை வாங்குகிறவர் வாங்குவது கண்ணால் காணக்கூடிய, நிரூபிக்கக்கூடிய ஒன்றை. அந்த லேபிள் ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தால், உள்ளே ஒயின் எப்படியிருந்தாலும் அவர் விலகிவிடுவார்.

பெயரும் ஆண்டும் தேறிவிட்டால் அடுத்தது, இத்தனை காலம் அது எங்கே கிடந்தது என்பது. ஒயின் விரும்புவது பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி செல்சியஸ் குளுமை, இருட்டு, ஓரளவு ஈரப்பதம், ஆட்டமில்லாத படுக்கை. வெப்பம் ஏறினால் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும், இறங்கினால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் தக்கை தளர்ந்துபோகும். நிறுத்தி வைத்த பாட்டிலில் தக்கை காய்ந்து சுருங்கும். இருப்பிடம் எவ்வளவு தூரம் வயதை வெல்லும் என்பதற்கு பால்டிக் கடல் ஒரு சான்று தந்தது. 2010-இல் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலில் 168 பாட்டில்கள் கிடைத்தன. பெரும்பாலானவை 170 ஆண்டு பழைய ஷாம்பெயின். கடலடியின் இருட்டும் உறைநிலையை நெருங்கிய நிலையான குளிரும் அவற்றைக் காத்திருந்தன. ஆய்வாளர்கள் சுவைத்துப் பார்த்தபோது முதலில் ஈர முடியும் பாலாடைக்கட்டியும் நாறியதாம். காற்றுப் பட்ட பிறகு புகையும் தோலும் மணத்ததாம். 2011-இல் அவற்றில் க்ளிக்கோ நிறுவனத்தின் ஒரு பாட்டில் 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. நூற்றெழுபது ஆண்டு கடலில் கிடந்தது பிழைத்தது. சென்னையில் சமையலறைக்கு அடுத்த அலமாரியில் நாலைந்து கோடை கண்ட பாட்டில், எத்தனை பெரிய பெயரைத் தாங்கியிருந்தாலும், பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லண்டன் வீட்டில் மைய வெப்பமூட்டியின் பக்கத்தில் இருபது வருடம் நின்றதும் அப்படியே. விதிவிலக்கு மதீரா: செய்யும்போதே சூட்டில் வைத்து முதிர்த்தது, அதனால் சூடு அதற்குப் புதிதல்ல.

இருந்த இடம் யாருக்கும் நினைவில்லை என்றால் பாட்டிலையே கேட்கலாம். இருட்டறையில் பாட்டிலை நேராக நிறுத்தி, பின்னால் ஒரு டார்ச்சை வைத்துப் பார்த்தால் ஒயினின் மட்டம் தெரியும். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு. மட்டம் கழுத்துக்குள் நின்றால் எந்த வயதுக்கும் நல்லது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பாட்டிலில் மேல்தோள் வரை இறங்கியிருப்பது இயல்பு. நடுத்தோள் என்றால் ஐயம், அதற்கும் கீழே என்றால் பெரும்பாலும் முடிந்த கதை. மிக அரிய பாட்டிலுக்கு மட்டுமே அப்போதும் ஆள் கிடைக்கும். பர்கண்டி பாட்டிலின் தோள் சரிவாக இருப்பதால் தக்கையின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். தக்கை வெளியே துருத்தி நிற்பதும், கழுத்து உறைக்கு வெளியே பிசுபிசுப்பாக ஒழுகிய தடமும் வெப்பம் பட்டதற்கு அடையாளம். சிவப்பு ஒயின் செங்கல் நிறத்துக்கு மாறியிருப்பதும் அடியில் மண்டி இருப்பதும் குறையல்ல. காப்பிக் கறுப்பாகிவிட்டால் குறை. இனிப்பு வெள்ளை ஒயின் பொன்னிறம் கடந்து தேன் நிறமாவது சரி, இனிப்பில்லாத வெள்ளை அப்படியானால் கைவிடலாம். இத்தனையையும் பார்க்கும்போது பாட்டிலைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. நிலவறைத் தூசியும் ஈரக்கறையும்கூட அது எங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சிகள். இப்படி எடுத்த மட்டத்தின் படம், லேபிள்களின் படம், உறையின் படம் ஆகியவைதான் எந்த ஏல நிறுவனமும் முதலில் கேட்பவை. படம் எடுத்தபின் பாட்டில்களை வீட்டின் மிகக் குளிர்ந்த இருட்டு மூலையில் படுக்க வைக்கலாம்.

ஒயினும் உண்மை, மட்டமும் நன்று, அப்புறம் என்ன சான்று வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கலாம். சந்தை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, அதற்கு அது கொடுத்த விலையும் பெரிது. 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் முதலெழுத்துகள் பொறித்த 1787 லஃபீத் பாட்டில் ஒன்று 1,05,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியது அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் குடும்பம். காட்சிக்கு வைத்த விளக்கின் சூட்டில் அதன் தக்கை காய்ந்து உள்ளே விழுந்தது தனி வேடிக்கை. அதே தொகுப்பிலிருந்து நான்கு பாட்டில்கள் வாங்கிய தொழிலதிபர் பில் கோக் பின்னர் விசாரணையில் இறங்கினார். தன் ஒவ்வொரு கொள்முதலையும் எழுதிவைத்த ஜெஃபர்சனின் கணக்குகளில் அந்த பாட்டில்களுக்குத் தடம் கிடைக்கவில்லை. எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று அவர் அமர்த்திய நிபுணர்கள் முடிவு செய்தார்கள். சந்தைக்குக் கொண்டுவந்த ஹார்டி ரோடன்ஸ்டாக் குற்றச்சாட்டைக் கடைசி வரை மறுத்தார். அடுத்த பாடம் நியூயார்க்கில். 2008-இல் ரூடி குர்னியவான் என்ற சேகரிப்பாளர் அனுப்பிய பாட்டில்களில், பர்கண்டியின் போன்ஸோ தோட்டத்தின் 1945 குளோ சேன்-தெனி ஏலத்துக்கு வந்தது. தோட்டக்காரர் லொரான் போன்ஸோ நேரில் வந்து அவற்றை நிறுத்தினார். காரணம், அந்தத் தோட்டம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். 2012-இல் குர்னியவான் கைதானபோது கலிஃபோர்னியாவிலிருந்த அவரது வீட்டில் பழைய லேபிள்களும் தக்கைகளும் கலவைக் குறிப்புகளும் கிடைத்தன. 2014-இல் பத்தாண்டுச் சிறை. ஏமாந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், உலகின் பெரிய சேகரிப்பாளர்கள்.

இதற்கு நேர்மாறான விலையும் இருக்கிறது. 2018 அக்டோபரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 1945 ரோமானே-கொந்தி ஒரே ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த ஆண்டு சுமார் 600 பாட்டில்கள்தான் செய்யப்பட்டன, பிறகு பழைய கொடிகள் பிடுங்கப்பட்டன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அது பர்கண்டியின் பெரிய வணிகரான ரொபேர் த்ரூயேனின் சொந்த நிலவறையிலிருந்து வந்தது. தோட்டத்திலிருந்து அந்த நிலவறை, அங்கிருந்து ஏலம். நடுவில் கேள்விக்குரிய கை எதுவும் இல்லை. அதே ஆண்டின் அதே ஒயின் 'யாரோ ஒரு சேகரிப்பாளரிடமிருந்து' வந்திருந்தால், குர்னியவானுக்குப் பின் அந்த விலையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வாரிசுகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரே குடும்பத்தில், ஒரே வீட்டில், வாங்கிய நாள் முதல் அசையாமல் கிடந்த பாட்டிலின் கதை நேரானது. அதைச் சொல்லும் காகிதங்களைத்தான் தேட வேண்டும்: ஒயின் வணிகரின் ரசீது, கடிதம், மரப்பெட்டி, பெரியவர் எழுதிவைத்த நோட்டு. பாட்டில்களைவிடக் காகிதங்களை முதலில் தேடுங்கள் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் பிரிட்டனில் நல்ல ஒயின் வாங்குகிறவர்களில் பலர் அதை வீட்டுக்கே கொண்டுவருவதில்லை; வரி கட்டாமல் சுங்கக் கிடங்கிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பார்கள். அலமாரியில் இருந்த ஆறு பாட்டிலும் தேறாமல், மேசை இழுப்பறையில் கிடந்த கிடங்கு வாடகைச் சீட்டு பத்துப் பெட்டிக்கு வழிகாட்டுவது நடக்கக்கூடியது. லேபிளிலும் சாட்சி உண்டு. 1950கள், 60களின் போர்தோ பாட்டிலில் லண்டன் அல்லது பிரிஸ்டல் வணிகரின் பெயர் இருந்தால் போலி என்று பதற வேண்டாம், பீப்பாயில் வரவழைத்து அங்கே அடைப்பது அன்று சாதாரணம். அமெரிக்க அரசின் உடல்நல எச்சரிக்கை ஒட்டிய பாட்டில் 1989 நவம்பருக்குப் பிறகு அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது. லேபிளில் 1961 என்றிருந்தால், 1989-க்கு முந்தைய அதன் வாழ்க்கையை விசாரிக்க வேண்டும்.

ஒன்றைத் திறந்து சுவைத்தால் எல்லா வாதமும் தீர்ந்துவிடாதா என்ற மறுப்புக்குப் பாதி நியாயம் உண்டு. ஒரே பெட்டியில் ஒரே ஒயின் பன்னிரண்டு இருந்து, ஒன்றின் மட்டம் மட்டும் இறங்கியிருந்தால், அதைத் திறப்பது மற்றவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லும். வாங்குகிறவருக்கு அது சான்றாகாது, உங்கள் வாய்ச்சொல்தான். பழைய தக்கைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆகவே பக்கத்துப் பாட்டில் வேறு மாதிரி இருக்கவும் கூடும். திறந்து பார்த்த பின்னும் சான்றாக நிற்கும் ஒரே ஏற்பாடு, ஒயின் செய்தவரே திறப்பது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் 1991 முதல் பதினைந்து வயது தாண்டிய தன் சிவப்பு ஒயின்களைப் பரிசோதிக்க முகாம்கள் நடத்திவருகிறது. அங்கே மட்டம் இறங்கிய பாட்டிலைத் திறந்து சுவைத்து, தேறினால் நிரப்பிப் புதுத் தக்கை போட்டுச் சான்றளிப்பார்கள்.

எல்லாம் தேறினாலும் கையில் வரும் தொகை, இணையத்தில் கடைக்காரர் எழுதியிருக்கும் தொகை அல்ல. அது கேட்கும் விலை. நீங்கள் பார்க்க வேண்டியது அதே ஒயின், அதே ஆண்டு, அதே மட்டம் ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதை. அதிலும் வாங்குகிறவர் செலுத்தும் கட்டணம் சேர்ந்திருக்கும், விற்பவரின் தரகு கழியும். மலிவான ஒற்றை பாட்டிலை ஏல நிறுவனங்கள் எடுப்பதே இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மது விற்க உரிமம் வேண்டும் என்பதால் ஏல நிறுவனம் அல்லது உரிமம் பெற்ற வணிகர் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில். தனியார் ஒருவர் தன் வீட்டு பாட்டிலை இன்னொருவருக்கு விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு எடுத்துவந்தால் வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான். ஆகவே லண்டனிலோ மெல்பர்னிலோ கிடைத்ததை அங்கேயே மதிப்பிட்டு அங்கேயே விற்பதுதான் அறிவு. இன்னொன்று: ஒயினைத் தேடும் அவசரத்தில் பக்கத்தில் நிற்கும் விஸ்கியைத் தள்ளிவிடாதீர்கள். விஸ்கி பாட்டிலில் மாறுவதில்லை, வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். 1983-இல் மூடப்பட்ட போர்ட் எலன், பிரோரா போன்ற வடிசாலைகளின் பழைய பாட்டில் உங்கள் ஒயின் வரிசை முழுவதையும் மிஞ்சலாம். அதைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். செறிந்த சாராயம் தக்கையை அரிக்கும்.

விலை தேறாத பாட்டில்களைக் குடித்துப் பார்ப்பதில் தடையில்லை, சொத்துக் கணக்கு முடிந்திருந்தால். கெட்ட ஒயின் புளிக்கும், நாறும், விஷமாகாது. ஆனால் 1990களுக்கு முந்தைய பாட்டில்களின் கழுத்து உறை பெரும்பாலும் ஈயம். உறையை முழுதும் நீக்கி, வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும். மண்டி கலங்காமலிருக்க ஒரு நாள் முன்பே நிறுத்தி வைத்து, மெதுவாக வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். பெரிய பெயருள்ள பாட்டில் காலியானால் அப்படியே குப்பையில் போடாதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்கவும் வேண்டாம். குர்னியவான் உணவகங்களில் குடித்துத் தீர்த்த உயர்தர பாட்டில்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். அசல் கண்ணாடிக்கும் அசல் லேபிளுக்கும் போலிக்காரர்களிடம் இன்றும் மதிப்பு உண்டு. லேபிளைக் குறுக்கே கிழித்து, தக்கையை இரண்டாக வெட்டி, பிறகு வெளியே போடுங்கள்.